பெயர் பொறிக்காத பதக்கம் யாருடையது?

சிப்பாயின் பெயர் இல்லாத பழைய போர்ப்பதக்கத்தில் எஞ்சியிருக்கும் ஆவணம் அதைச் செய்தவரின் கைவேலை ஒன்றுதான். அதை வாசிக்கக் கற்றுக்கொள்வது புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் கடமை.

1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்தியது. ஊரே நடுங்கியது, கூட்டம் கூட்டமாக மக்கள் நகரைவிட்டு வெளியேறினார்கள். அடுத்த ஏழு வாரங்களுக்குள், நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கடற்படையின் சிட்னி என்ற கப்பல் எம்டனை அடித்து நொறுக்கிக் கரைதட்டச் செய்தது. அந்தச் சண்டையின் தடயங்கள் இரு நகரங்களிலும் இருக்கின்றன. சென்னை உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு நினைவுக்கல். சிட்னி ஹைட் பார்க்கில் எம்டனின் பீரங்கி ஒன்று. மூன்றாவது தடயம் உள்ளங்கையில் அடங்கிவிடும். எம்டனின் சிதைவிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மெக்சிகோ வெள்ளி டாலர்கள் மீட்கப்பட்டன. அவற்றில் 1,000 நாணயங்களை சிட்னி நகைக்கடைக்காரர் டபிள்யூ. கெர் பதக்கங்களாக மாற்றினார். மேலே ஒரு சிறு கிரீடம், நாணயத்தைத் தழுவிய பட்டைகளில் நாளும் இரு கப்பல்களின் பெயரும். சிட்னி கப்பலின் மாலுமிகளுக்கு அவை வழங்கப்பட்டன. மற்றவர்களிடமும் விற்பனை வழியே சில போய்ச் சேர்ந்தன.

இந்தப் பதக்கம் ஒன்று இன்று மேற்கு சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் ஒருவர் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எம்டனிலிருந்து வந்ததுதான் என்பதை எதைக்கொண்டு நிறுவுவது? நாணயத்தைக் கொண்டு முடியாது. மெக்சிகோ டாலர் அன்று சீனக் கடற்கரை முழுவதும் வணிகத்தில் புழங்கிய காசு. சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த எம்டனிடம் அது இருந்ததில் வியப்பில்லை. அதே காசு லட்சக்கணக்கில் வேறு இடங்களிலும் இருந்தது. நாணயத்தின் மீதுள்ள சிற்றெழுத்துகள் அது மெக்சிகோ நகரத்தில் அடிக்கப்பட்டதா, சகாடேகாஸில் அடிக்கப்பட்டதா, குவானஹுவாதோவில் அடிக்கப்பட்டதா என்பதைத் துல்லியமாகச் சொல்லும். எந்தக் கப்பலில் பயணம் செய்தது என்பதைச் சொல்லாது. பதக்கம் பெற்றவரின் பெயரும் இராது. ஆகவே இதைப் போர்ப்பதக்கம் என்று சொல்ல நமக்கு இருக்கும் ஒரே சான்று கெர் பட்டறையின் வேலைதான்: கிரீடத்தின் வார்ப்பு, பட்டை நாணயத்தைப் பற்றியிருக்கும் விதம், எழுத்துகளின் வெட்டு, பின்புறத்தில் பட்டறையின் பெயர். செய்தவரைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு பழைய வெளிநாட்டு வெள்ளிக்காசு.

இங்கிருந்துதான் இக்கட்டுரையின் வாதம் தொடங்குகிறது. பதக்கத்தைச் செய்தவர் யார் என்ற கேள்வியைச் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்காகவும் ஏலக்கடை விவகாரமாகவும் ஒதுக்கிவிடுகிறோம். விளிம்பில் வீரரின் பெயரும் படைப்பிரிவும் இருந்தால் அப்படி ஒதுக்குவதில் பெரிய நட்டம் இல்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் நம்மவர்கள் பெற்ற பதக்கங்களில் கணிசமானவை பெயர் பொறிக்கப்படாதவை. பெயர் இல்லாத இடத்தில் செய்தவரின் கை ஒன்றே சாட்சி. செய்தவரை நெருங்கினால்தான் பெற்றவரை நெருங்க முடியும்.

ஒரு பதக்கம், பல கைகள்

செய்தவர் என்று ஒருமையில் சொல்வதே முதல் தடுமாற்றம். ஒரு போர்ப்பதக்கம் குறைந்தது ஐந்து கைகளைக் கடந்து வருகிறது. உருவத்தை வரைந்தவர் ஒருவர். அதை எஃகு அச்சில் தலைகீழாகச் செதுக்கியவர் இன்னொருவர். அந்த அச்சைக்கொண்டு உலோக வட்டில் அடித்தது ஒரு நாணயச்சாலை. மார்பில் தொங்குவதற்கான வளையத்தையும் கவ்வியையும் பொருத்தியது ஒரு பட்டறை. விளிம்பில் பெயர் பொறித்தது மற்றொரு கை. இவை ஐந்தும் ஒரே கூரையின் கீழ் நடந்திருக்கலாம். ஐந்தும் வேறு வேறு ஊர்களில் நடந்திருக்கலாம். பதக்கத்தை அடையாளம் காண்பது என்றால் இந்த ஐந்தையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, ஐந்து விடைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. அச்சு ஒரு காலத்தையும் கவ்வி இன்னொரு காலத்தையும் காட்டினால், பதக்கம் பழுதுபார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது போலியாக இருக்க வேண்டும்.

பெயர் முத்திரையை மட்டும் தேடிப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். அரசு நாணயச்சாலைகள் தம் பதக்கங்களில் பெரும்பாலும் தங்கள் பெயரை இடுவதில்லை. தனியார் நகைப்பட்டறைகள் இட்டன; ஆனால் அதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரிட்டனில் வெள்ளிப் பொருளுக்குச் சட்டப்படி ஹால்மார்க் தேவை. நங்கூரக் குறி இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன் என்று சோதனைச்சாலையைச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவில் அப்படிக் கட்டாய முறை எதுவும் நிலைபெறவில்லை. போயர் போரிலிருந்தும் முதல் உலகப் போரிலிருந்தும் திரும்பிய வீரர்களுக்கு ஊர்மக்கள் சேர்ந்து செய்துகொடுத்த தங்கப் பதக்கங்களில் சிட்னி, மெல்பேர்ன் பட்டறைகள் தாமாகவே குத்திய குறிகள்தான் காணப்படும். சிலவற்றில் அதுவும் இராது. ஆகவே குறி என்பது விசாரணையின் தொடக்கமே தவிர முடிவாகாது.

ஸ்ரீரங்கப்பட்டணத்து வெள்ளீயம்

இந்த முறையின் வலிமையை உரசிப் பார்க்க, தமிழ்நாட்டோடு நெருங்கிய பதக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் தலைமையில் வேலூரிலிருந்து புறப்பட்ட படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் கோட்டைக்குள் மடிந்தார். அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. ஒருபுறம் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. மறுபுறம் கோட்டை தாக்கப்படும் காட்சி. உருவத்தை அமைத்தவர் கான்ராட் ஹைன்ரிக் கூக்லர். அடித்தது பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலை. பதக்கங்கள் உரியவர் கைக்கு வர 1808 ஆகிவிட்டது. இடையில் 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையிலேயே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கொல்லப்பட்டிருந்தார்கள்.

கம்பெனி தன் நன்றியை உலோகத்தால் தரம் பிரித்தது. தளபதிகளுக்குத் தங்கம், மேல்நிலை அதிகாரிகளுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி, கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, அடுத்தவர்களுக்கு வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். சோஹோவில் தங்கத்தில் அடித்தவை முப்பது அளவிலும், வெள்ளீயத்தில் அடித்தவை ஏறத்தாழ 45,000 அளவிலும் இருந்தன. எதிலும் பெயர் பொறிக்கப்படவில்லை. மார்பில் தொங்கவிடுவதற்கான வளையமும் பொருத்தித் தரப்படவில்லை. அதாவது கோட்டை மதிலேறிய சிப்பாய்க்குக் கிடைத்தது பெயரும் வளையமும் இல்லாத ஒரு வெள்ளீய வட்டு. அவரை இன்று தேடுகிறவர்கள் எங்கே தொடங்குவது?

செய்தவரிடம்தான் தொடங்க வேண்டும். இப்பதக்கம் கல்கத்தா நாணயச்சாலையிலும் அடிக்கப்பட்டது. அவை பொதுவாக வங்காளப் படையினருக்கு உரியவையாகக் கருதப்படுகின்றன. இரண்டையும் பிரித்துக் காண்பது கடினமன்று. சோஹோ பதக்கத்தின் விட்டம் ஏறத்தாழ 48 மில்லிமீட்டர். கல்கத்தா பதக்கம் ஏறத்தாழ 45. சோஹோவில் நீராவியால் இயங்கும் எந்திரம் அடித்ததால் வட்டமும் விளிம்பும் ஒரே சீராக இருக்கும், சிங்கத்தின் பிடரிமயிர் வரை கூர்மையாகத் தெரியும். கல்கத்தா நாணயச்சாலைக்கு நீராவி எந்திரங்கள் வந்தது 1829இல் ஸ்ட்ராண்ட் சாலையில் புதுக் கட்டடம் திறந்த காலத்தில்தான். அதற்கு முந்தைய வேலையில் கைச் செதுக்கலின் மென்மை தெரியும். ஆக, வெறும் அளவுகோல் ஒன்றே பதக்கத்தை ஒரு படையோடு இணைக்கத் தொடங்கிவிடுகிறது. உலோகம் பதவியைச் சொல்கிறது. மூன்றாவதாக, பின்னாளில் பொருத்திய வளையத்தையும் பார்க்க வேண்டும். பதக்கம் வளையமின்றி வந்ததால் பெற்றவர் தன் ஊர்ப் பொற்கொல்லரிடமோ ராணுவக் குடியிருப்பின் கடைத்தெருவிலோ கொடுத்துத்தான் அதை அணியத்தக்கதாக்கினார். அந்தப் பற்றவைப்பும் வளையத்தின் முறுக்கும் பதக்கம் எந்த நிலத்தில் வாழ்ந்தது என்பதற்கான தடயங்கள். பர்மிங்காம் எந்திரமும் தென்னாட்டுப் பொற்கொல்லரின் கையும் ஒரே வட்டில் சந்தித்திருந்தால், அங்கே ஒரு சென்னைச் சிப்பாய் இருந்திருக்கக்கூடும் என்று சொல்ல நமக்கு நியாயமான ஆதாரம் கிடைக்கிறது.

சோஹோ நாணயச்சாலையைச் சிட்னிக்கும் அந்நியமாக எண்ண வேண்டாம். 1797இல் அங்கே அடித்த கனத்த செம்பு பென்னிகளையே நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் கிங் 1800இல் தன் குடியேற்றத்தில் புழக்கத்துக்கு விட்டார். அவற்றின் உருவத்தை அமைத்தவரும் இதே கூக்லர்தான். அதே அறிவிப்பில் சென்னையின் பகோடா நாணயத்துக்கு எட்டு ஷில்லிங் என்றும் ரூபாய்க்கு இரண்டரை ஷில்லிங் என்றும் விலை குறிக்கப்பட்டிருந்தது. 1803இல் சென்னை மாகாணத்துக்காக அடித்த பத்துக்காசு, இருபதுக்காசுகளும் சோஹோவின் வேலையே. பரமட்டாவிலும் செங்கல்பட்டிலும் மக்கள் ஒரே பட்டறையின் செம்பைக் கையில் புழங்கினார்கள். இதனால் நமக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு: எளிதில் கிடைக்கும் சோஹோ காசுகளை அருகில் வைத்து ஒப்பிட்டு, அந்தப் பட்டறையின் எழுத்து வெட்டையும் விளிம்பு ஒழுங்கையும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம். அரிய பதக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது மலிவான காசு.

கவ்வியும் விளிம்பும்

காலம் நெருங்கி வர, தடயங்கள் இன்னும் நுட்பமாகின்றன. 1909இல் நிறுவிய இந்தியப் பொதுச்சேவைப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். பின்புறம் ஜம்ருத் கோட்டை. ரிப்பனில் போருக்கேற்ற பட்டைகள், அவற்றுள் ஒன்று மலபார் 1921–22. இப்பதக்கம் லண்டனிலும் கல்கத்தாவிலும் அடிக்கப்பட்டது. முகங்களை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது. வட்டையும் தொங்கலையும் இணைக்கும் கவ்வியைப் பார்க்க வேண்டும்: லண்டன் வேலையில் கவ்வி பூவேலைப்பாடு கொண்டது, கல்கத்தா வேலையில் வெறுமையானது. பெரும்பாலோர் பார்க்காமல் விடும் ஓர் உறுப்பு இரண்டு கண்டங்களைப் பிரித்துக் காட்டுகிறது. விளிம்பின் எழுத்தும் அப்படித்தான். எந்திரத்தால் குத்திய எழுத்து சீரான ஆழத்தில் நிற்கும். கைச் செதுக்கலில் கோடு மெலிந்து தடித்து ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் படைப்பிரிவுகளின் பதக்கங்கள் பல, இந்தியாவிலேயே கையால் செதுக்கிய சாய்வெழுத்தில் பெயர் தாங்கியவை. அந்த எழுத்துகளைச் செதுக்கியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. ஆனால் அவர்களது வேலை கையெழுத்தைப் போலவே ஒவ்வொன்றும் தனி.

இரண்டாம் உலகப் போரில் இந்த வாசிப்பு நேரடியாகப் பயன்படுகிறது. பிரிட்டன் தன் வீரர்களுக்கு நட்சத்திரங்களையும் பதக்கங்களையும் பெயரின்றியே வழங்கியது. இந்திய, தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியப் படையினருக்கு வழங்கியவற்றில் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டன. வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி வட்டாரத்தில் வாழும் தமிழர்கள் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள். ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் ஒரே மாதிரியான பர்மா நட்சத்திரம் இருக்கலாம். இந்தியப் படையின் எண் பொறித்தது ஒன்று, வெறுமையானது மற்றொன்று. வெறுமையாக இருப்பதாலேயே அது போலியென்று ஒதுக்கக் கூடாது. பிரிட்டிஷ் படை வழியாகவோ வேறு குடியேற்ற நாட்டுப் படை வழியாகவோ வந்திருக்கலாம். மறுதலையாக, இந்தியப் படைவீரருடையது என்று விற்கப்படும் பதக்கம் வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். எங்கே, யாருக்காகச் செய்யப்பட்டது என்பது தெரிந்தவருக்கே இந்தக் கேள்வி எழும்.

பெயர் பொறிப்பதிலும் ஒரு படிநிலை இருந்தது என்பதை மறக்கக் கூடாது. காஞ்சிபுரம் வட்டாரத்தின் சுபேதார் சுப்ரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி மீது பாய்ந்து தோழர்களைக் காத்து உயிர்விட்டார். அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அத்தகைய விருதுக்குப் பெயரும் நாளும் அரசிதழ்ப் பதிவும் உண்டு. செய்தவர் யார் என்று ஆராயாமலேயே பெற்றவரைச் சொல்லிவிடலாம். வெள்ளீய வட்டு வாங்கியவர்களுக்கு அந்த வசதி இல்லை. படிநிலையில் கீழே போகப் போக, கைவேலையின் சாட்சியம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, மூல அச்சே மீண்டும் பயன்பட்டால் என்ன செய்வது என்பது. கம்பெனி காலத்துப் பதக்கங்கள் சிலவற்றைக் கல்கத்தா நாணயச்சாலையே பிற்காலத்தில் பழைய அச்சுகளைக்கொண்டு மறுபடி அடித்திருக்கிறது. செய்தவர் அவரே, அச்சும் அதுவே. ஆனால் போருக்குப் போனவர் யாரும் அதை அணிந்ததில்லை. இது நியாயமான மறுப்பு. எனினும் அச்சுக்கும் வயதாகும். எஃகில் ஏறிய துருவின் புள்ளிகள் பதக்கத்தில் சிறு புடைப்புகளாகத் தெரியும். அச்சில் விழுந்த விரிசல் ஒவ்வொரு அடியிலும் நீளும். முதல் தொகுதியில் இல்லாத விரிசல் இதில் இருந்தால், இது பின்னால் அடித்தது. யார் செய்தார் என்ற கேள்வியை எப்போது செய்தார் என்பது வரை கொண்டுபோக வேண்டும் என்பதே இந்த மறுப்பு நமக்குக் கற்றுத்தருவது.

இரண்டாவது மறுப்பு அறிவியல் தரப்பிலிருந்து வருகிறது. எக்ஸ் கதிர்க் கருவி ஒரு நிமிடத்தில் உலோகக் கலவையைச் சொல்லிவிடும்போது கண்ணால் ஏன் உழைக்க வேண்டும்? கலவை அறிவது பயனுள்ளதே. பதக்கத்தைக் காற்றிலும் நீரிலும் எடைபோட்டு அடர்த்தி கண்டாலே, வெள்ளியா ஈயத்தில் முலாமா என்பது தெரிந்துவிடும். ஆனால் நல்ல போலி நல்ல வெள்ளியிலேயே செய்யப்படுகிறது. எம்டன் பதக்கத்தைப் போல உண்மையான நாணயத்திலேயே செய்யப்படலாம். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த பிரதி, உலோகம் குளிர்ந்து சுருங்குவதால் அசலைவிடச் சற்றுச் சிறியதாகும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கும். பரப்பில் நுண்குழிகள் தெரியும். இதை அளவுகோலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும்தான் காட்டும். கருவி பொருளைச் சொல்கிறது. செய்முறையைக் கண்தான் சொல்கிறது.

மூன்றாவது மறுப்பு மனத்தைத் தொடுவது. புலியைச் சிங்கம் வீழ்த்தும் படத்தைத் தமிழர்கள் ஏன் பேணிக் காக்க வேண்டும்? இவை நம்மை ஆண்டவர்களின் போர்கள், அவர்களின் பெருமிதம். பதக்கத்தின் படம் கம்பெனியின் கருத்து என்பதில் ஐயமில்லை. அதைக் கொண்டாடச் சொல்லவும் இல்லை. ஆனால் பதக்கத்தை வாங்கியவர் நம் ஊர்க்காரர். அவர் எழுதிய கடிதம் கிடையாது, அவரது ஓவியம் கிடையாது, சம்பளப் பட்டியலில்கூடப் பெயர் திரிந்து கிடக்கும். அவர் தொட்டு, வளையம் பொருத்தி, அணிந்து தேய்த்த ஒரு பொருள் மிஞ்சியிருக்கிறது. தங்கம் முதல் வெள்ளீயம் வரை உலோகத்தால் மனிதரைத் தரம் பிரித்த ஆட்சியின் இயல்பைப் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைவிட அந்த வட்டு தெளிவாகக் காட்டுகிறது. அதைத் தூக்கி எறிந்தால் இழப்பு கம்பெனிக்கு இல்லை, நமக்குத்தான்.

நான்காவதாக, செய்தவரை ஆராய்வது விலையை ஏற்றும் வியாபாரத்துக்கே உதவும் என்பார்கள். அறியாமையே வியாபாரிக்கு அதிகம் உதவுகிறது. தாத்தாவின் பதக்கத்தைப் பழைய வெள்ளி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகும் குடும்பமும், தாத்தாவுக்குத் தொடர்பே இல்லாத பிரதியைப் பெருவிலைக்கு வாங்கிவரும் குடும்பமும் ஒரே அறியாமையின் இரு முனைகளில் நிற்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியவை

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. சமையலறைத் தராசைவிடச் சற்றுத் துல்லியமான தராசு, விட்டம் அளக்கும் கருவி, உருப்பெருக்கிக் கண்ணாடி, கைபேசிக் காமிரா போதும். முதல் விதி: பதக்கத்தை மெருகேற்றக் கூடாது. புளியோ பாலிஷோ இட்டுத் தேய்த்தால் அச்சின் கூர்மையும், விளிம்பின் மெல்லெழுத்தும், பற்றவைப்பின் தடயமும் ஒருசேரப் போகும். பளபளப்பு கூடும், சாட்சியம் அழியும். அடுத்து எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இருமுகங்களோடு நில்லாமல் விளிம்பு முழுவதையும், கவ்வியையும், வளையத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். பழைய ரிப்பன் கிழிந்திருந்தாலும் கழற்றக் கூடாது. பதக்கம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லும்போதே எழுதிவைக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலுள்ள பதக்கங்களோடு ஒப்பிடலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவேடுகளிலும் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் படைப்பிரிவைத் தேடலாம். ஊரில் இருக்கும் பழம்பொருளைச் சிட்னிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த பொருளை உரிய அனுமதி இன்றி இந்தியாவைவிட்டு வெளியே எடுத்துச்செல்ல முடியாது. அங்கேயே இருக்கட்டும், அளவும் படமும் வந்தால் போதும்.

தனிக்குடும்பங்கள் செய்வதைவிடச் சமூகமாகச் செய்வது மேல். வென்ட்வேர்த்வில்லிலிருந்து இரண்டே ரயில் நிலையம் தள்ளிப் பரமட்டாவில் இருக்கும் லேன்சர் படைமுகாம் 1820இலிருந்து நிற்கிறது. அங்குள்ள அருங்காட்சியகம் ஒரு படைப்பிரிவின் நினைவை எப்படிப் பொருள்களின் வழியே பேணுவது என்பதற்குக் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு. தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருநாள், ஏப்ரல் 25 அன்சாக் நாளை ஒட்டியே, குடும்பங்களை அழைத்து வீட்டுப் பதக்கங்களை அளந்து, படமெடுத்து, ஒரே படிவத்தில் பதிந்து வைக்கலாம். ஒரு பதக்கம் தனியாக இருக்கையில் ஊகம். நூறு பதக்கங்களின் விட்டமும் கவ்வியும் எழுத்தும் ஒரே பட்டியலில் வரும்போது, எந்தப் பட்டறை எந்தப் படைக்குச் செய்தது என்பது ஆதாரத்தோடு தெளிவாகும். ஆங்கிலேயப் படைகளின் பதக்கங்களுக்கு அத்தகைய பட்டியல்களைப் பல தலைமுறை ஆய்வாளர்கள் உருவாக்கிவிட்டார்கள். சென்னைப் படையின் சிப்பாய்களுக்கும், அவர்களுடைய பதக்கங்களுக்கு வளையம் பற்றவைத்த பெயர் தெரியாத பொற்கொல்லர்களுக்கும் அதை உருவாக்கும் பொறுப்பு அவர்களின் வழித்தோன்றல்களுடையது. பெயர் பொறிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது கம்பெனி. பெற்றவரையும் செய்தவரையும் தேடிப் பதிவதா, விட்டுவிடுவதா என்ற முடிவு இன்று நம் கையில் இருக்கிறது.